பகல் தூக்கத்துக்கு எலக்ட்ரானிக் இயர்பிளக் உண்மையிலேயே உதவுமா?

செம்பூர் இரவுப்பணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நவி மும்பை ஐரோலியில் உள்ள ஒரு நிறுவனத்தில் இரவுப் பணியில் இருக்கிறேன். காலை எட்டு மணிக்கு மேல்தான் படுக்க முடியும். பிற்பகல் இரண்டு மணி வரையாவது தூங்கினால்தான் அன்றைய இரவை ஓட்ட முடியும். பக்கத்துச் சொசைட்டி (குடியிருப்பு வளாகம்) இடித்துக் கட்டும் ரீடெவலப்மென்டுக்குப் போய்விட்டதால், ஒன்பது மணிக்குப் பழைய ஸ்லாபை உடைக்கும் பிரேக்கர் ஓடத் தொடங்குகிறது. அது ஓய்ந்தால் கம்பி அறுக்கும் சத்தம், அதுவும் ஓய்ந்தால் லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது வரும் பீப் ஒலி.

எலக்ட்ரானிக் இயர்பிளக் என்ற பெயரில் இரண்டாயிரம் ரூபாயிலிருந்து இருபத்தைந்தாயிரம் வரை பலவும் விற்கிறார்கள். எனக்குத் தேவை மூன்று இடங்களில்: வீட்டில் பகல் தூக்கம், அலுவலகத்தில் ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் போன் கால் பேசும் கூடத்தில் வேலை, அவ்வப்போது சென்னைக்குப் போகும் விமானப் பயணம். மூன்றுக்கும் ஒரே பொருள் போதுமா, அல்லது மருந்துக் கடையில் கிடைக்கும் ஃபோம் அடைப்பானே போதுமா என்று, பயன்படுத்தியவர்களும் துறை அறிந்தவர்களும் சொன்னால் உதவியாக இருக்கும்.


மாட்டுங்கா சர்க்யூட் எழுதியது:

ஆடியோ சர்க்யூட் வடிவமைப்பில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். எலக்ட்ரானிக் இயர்பிளக் என்று விற்கப்படுவது ஒரே பொருள் அன்று. மைக் வைத்து வெளிச்சத்தத்தைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி அழிக்க முயலும் ஏஎன்சி (ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன்) இயர்பட்ஸ் ஒரு வகை. சத்தத்தை அழிக்காமல், காதை மூடிக்கொண்டு மழை, அலை போன்ற மெல்லிய ஒலியை ஓட்டி வெளிச்சத்தத்தை அதற்குள் மறைக்கும் தூக்க இயர்பட்ஸ் இன்னொரு வகை. துப்பாக்கி சுடும் இடங்களிலும் தொழிற்சாலைகளிலும் அணிவது மூன்றாவது: மெல்லிய பேச்சை உள்ளே விட்டு, ஏறத்தாழ 82 அல்லது 85 டெசிபலுக்கு மேல் வருவதை மட்டும் அமுக்கும். மூன்றாவது வகை தூக்கத்துக்கு ஆகாது, ஏனென்றால் அது மெல்லிய சத்தங்களைக் கேட்க வைப்பதற்காகவே செய்யப்பட்டது. சில விற்பனைத் தளங்கள் அதையும் தூக்கத்துக்கு என்றே பட்டியலில் போட்டிருப்பதைப் பார்த்தேன்.

ஏஎன்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், பெரும்பாலான ஏமாற்றங்கள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. எதிரலை சரியான நேரத்தில் காதுக்குள் சேர வேண்டும். மைக், கணக்குப்போடும் சிப், ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்து வெறும் 0.05 மில்லி விநாடி தாமதப்படுத்துகின்றன என்று வைத்துக்கொள்வோம். 100 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 100 அலை) ஒலிக்கு ஓர் அலை முடிய 10 மில்லி விநாடி ஆகும். அந்தத் தாமதம் அதில் இருநூறில் ஒரு பங்குதான் என்பதால், கணக்குப்படி சத்தம் சுமார் 30 டெசிபல் குறையும். 3000 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ ஓர் அலையே 0.33 மில்லி விநாடியில் முடிந்துவிடுகிறது. அதே தாமதத்துக்கு அங்கே ஒரு டெசிபல் அளவுக்குக்கூடப் பலன் இருக்காது. இன்னும் சற்று மேலே போனால் எதிரலை சத்தத்தைக் கூட்டவே செய்யும். ஆகவே வடிவமைப்பவர்கள் 1000 ஹெர்ட்ஸை ஒட்டியே எதிரலையை மெல்ல அடக்கிவிடுகிறார்கள். அதற்கு மேலுள்ள சத்தத்தைக் காதை அடைத்திருக்கும் சிலிக்கோன் முனைதான் தடுக்க வேண்டும்.

இதை உங்கள் சத்தங்களோடு பொருத்திப் பாருங்கள். பிரேக்கரின் சத்தத்தில் எல்லா அலைவரிசையும் உண்டு. ஆனால் சுவரும் மூடிய ஜன்னலும் கூர்மையான ஒலியைத் தடுக்கும் அளவுக்குக் கனத்த ஒலியைத் தடுப்பதில்லை. எனவே அறைக்குள் வந்து சேர்வது பெரும்பாலும் அந்த ‘தட தட’ அதிர்வுதான். அதில் ஒரு பகுதியை ஏஎன்சி குறைக்கும். கம்பி அறுக்கும் கிறீச்சொலியும் லாரியின் பீப் ஒலியும் அதன் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. சீரான சத்தத்தை மட்டும்தான் ஏஎன்சி தடுக்கும், திடீர்ச் சத்தத்தைத் தடுக்காது என்று பலரும் எழுதுவது பாதி உண்மை. திடீர்ச் சத்தம் பெரும்பாலும் கூர்மையான அலைவரிசையில் இருப்பதால்தான் அது தப்பிவிடுகிறது.


தானே சேஃப்டி எழுதியது:

சர்க்யூட் சார் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் ஃபோம் அடைப்பானை ‘மருந்துக் கடையில் கிடைப்பது’ என்று லேசாக எண்ண வேண்டாம் என்று செம்பூர் நண்பரைக் கேட்டுக்கொள்கிறேன். தானே – பேலாப்பூர் தொழிற்பேட்டையில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். தொழிலாளர்களுக்கு நாங்கள் கொடுப்பது இதைத்தான். நல்ல ஃபோம் அடைப்பானின் உறையில், சத்தத்தை எத்தனை டெசிபல் குறைக்கும் என்பதைக் காட்டும் என்ஆர்ஆர் என்று ஓர் எண் இருக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1979இல் கட்டாயமாக்கிய அளவீடு அது. சந்தையில் அதிகபட்சமாகக் காணக்கூடியது 33.

அந்த 33 ஆய்வகத்தில், பயிற்சி பெற்றவர்கள் கவனமாகப் பொருத்தும்போது கிடைப்பது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் சாதாரண டெசிபல் மீட்டர் அளவுக்கு அதில் 7ஐக் கழித்து, மீதியைப் பாதியாக்கச் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் 33 என்பது 13 ஆகிறது. இந்தப் பெரிய இடைவெளிக்கு முக்கியக் காரணம் பொருத்தும் முறை. காதின் வாசலில் ஒரு பஞ்சு உருண்டைபோல் செருகிவிட்டு, கேட்கத்தான் செய்கிறது என்று குறை சொல்பவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

முறை இதுதான். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, அடைப்பானை இரு விரல்களுக்கு இடையில் சுருக்கம் விழாமல் ஊதுபத்தித் தடிமனுக்கு உருட்ட வேண்டும். மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்தால், வளைந்த காதுக் குழாய் நேராகும்; அந்த நேரத்தில் உள்ளே தள்ளி, அது விரிந்து நிரம்பும் வரை அரை நிமிடம் விரல் நுனியால் பிடித்திருக்க வேண்டும். சரியாகப் பொருந்தினால் கண்ணாடியில் நேராகப் பார்க்கும்போது அடைப்பான் ஏறக்குறையத் தெரியாது, உங்கள் குரலே பீப்பாய்க்குள்ளிருந்து வருவதுபோல் கனத்துக் கேட்கும். எடுக்கும்போது மெல்லத் திருகி எடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் உள்ளே உண்டாகும் காற்றழுத்த மாற்றம் செவிப்பறையை வலிக்கச் செய்யும்.

கம்பி அறுக்கும் சத்தத்துக்கும் பீப் ஒலிக்கும் இதைவிடச் சிறந்த எலக்ட்ரானிக் பொருள் எதையும் நான் பார்த்ததில்லை.


டோம்பிவிலி ஃபாஸ்ட் எழுதியது:

பயணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். டோம்பிவிலியிலிருந்து தாதர் வரை ஃபாஸ்ட் லோக்கலில் போய்வருபவன். சக்கரமும் தண்டவாளமும் உரசும் சத்தத்தின் கனத்த பகுதியும் கூரை மின்விசிறிகளின் இரைச்சலும் ஏஎன்சியில் வெகுவாகக் குறைகின்றன. ஆனால் கதவோரம் நின்றால் நிலைமை தலைகீழ்: காற்று மைக்கில் நேரடியாக மோதுவதால் ‘புர்ர்’ என்ற புதுச் சத்தம் காதுக்குள்ளேயே பிறக்கிறது. கதவு மூடிய ஏசி லோக்கலிலும் மெட்ரோவிலும் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு நடைமுறைச் செய்தி. ஏஎன்சி போட்டபோதும் ‘புடில் ஸ்டேஷன்’ (அடுத்த நிலையம்) என்ற அறிவிப்பு ஓரளவு காதில் விழுகிறது, பேச்சொலி அதன் பிடிக்கு வெளியே இருப்பதால். ஃபோமில் அதுவும் மங்கிவிடும். தாதரில் இறங்க வேண்டியவர் குர்லா தாண்டியதும் கழற்றிவிடுவது நல்லது; அந்தக் கூட்டத்தில் தோள் இடித்து ஒரு பட் கீழே விழுந்தால் தேடி எடுப்பதற்கு யாரும் வழிவிடப் போவதில்லை. தண்டவாளத்தைக் கடப்பவர்கள், சாலையைக் கடப்பவர்கள் இரண்டையுமே அணியக் கூடாது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் தினமும் காதில் மாட்டிக்கொண்டு கடப்பவர்களைப் பார்க்கிறேன்.


செம்பூர் இரவுப்பணி எழுதியது:

விரிவான பதில்களுக்கு நன்றி. இரண்டு ஐயங்கள். லாமிங்டன் ரோட்டில் கடைக்காரர் ஒருவர், இரண்டாயிரத்துக்குள் உள்ள ஒரு பொருளைக் காட்டி, ‘ஈஎன்சி இருக்கிறது, ஏஎன்சியும் அதுவும் ஒன்றுதான்’ என்கிறார். அதன் பெட்டியில் ‘45 டெசிபல் வரை சத்தக் குறைப்பு’ என்றும் அச்சிட்டிருக்கிறது. ஃபோமின் 33ஐவிட அது உயர்ந்ததா?


மாட்டுங்கா சர்க்யூட் எழுதியது:

இரண்டும் ஒன்றல்ல. ஈஎன்சி என்பது நீங்கள் கால் பேசும்போது உங்கள் மைக்கில் விழும் பின்னணி இரைச்சலை வடிகட்டி, எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் குரலைத் தெளிவாக்கும் வசதி. உங்கள் காதுக்கு அதனால் ஒரு பயனும் கிடையாது. விலை குறைந்த பெட்டிகளில் ஈஎன்சி பெரிய எழுத்தில் இருந்து, ஏஎன்சி என்ற சொல்லே இல்லாவிட்டால் உறுதியாகத் தவிர்க்கலாம்.

45 என்பது பெரும்பாலும், குறைப்பு மிக அதிகமாக இருக்கும் ஏதோ ஓர் அலைவரிசையில் எட்டிய உச்ச எண். ‘வரை’ என்ற சொல்லுக்குள் முழு விஷயமும் அடங்கிவிடுகிறது. ஃபோமின் 33 பல அலைவரிசைகளையும் சேர்த்து, வகுத்த முறைப்படி எடுத்த அளவு. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. டெசிபல் கணக்கில் 10 குறைந்தால்தான் காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் தோன்றும் என்பதையும் நினைவில் வையுங்கள். 45 டெசிபல் உண்மையிலேயே எல்லா அலைவரிசையிலும் குறைந்தால், பரபரப்பான சாலை ஓரத்தில் நிற்பவருக்கு அமைதியான அறையில் இருப்பதுபோல் தோன்ற வேண்டும். எந்த இயர்பட்ஸிலும் அது நடப்பதில்லை. காதை எவ்வளவு இறுக அடைத்தாலும், தலையெலும்பு வழியாகச் செல்லும் ஒலி 40 முதல் 50 டெசிபல் அளவில் ஓர் எல்லையை வைத்துவிடுகிறது.

அலுவலகக் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. மனிதப் பேச்சின் தெளிவைத் தாங்கும் ஒலிகள் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பவை. ஏஎன்சி ஏசியின் உறுமலை எடுத்துவிடும். அந்த உறுமல் இதுவரை ஓரளவு மறைத்துவந்த பக்கத்து மேஜைப் பேச்சு இப்போது முன்பைவிடத் தெளிவாக விழும். பலரும் ‘என் பட்ஸ் பழுது’ என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவது இதனால்தான். பேச்சுக்கு மருந்து, ஏஎன்சியோடு மெல்லிய மழை ஒலியையோ சொற்கள் இல்லாத வாத்திய இசையையோ சேர்த்து ஓட்டுவது.


சயான் கேட்பியல் எழுதியது:

செவித்திறன் பரிசோதனைத் துறையில் பணிபுரிகிறேன். இதுவரை சத்தத்தைப் பற்றியே பேசினோம். காதைப் பற்றியும் பேச வேண்டும்.

இரவு முழுவதும், அல்லது செம்பூர் நண்பரைப் போலப் பகலில் ஆறு மணி நேரம், காதை அடைத்து வைப்பது என்றால், மும்பையின் ஈரப்பதம் முதல் எதிரி. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை காதுக் குழாயில் பூஞ்சைத் தொற்றோடு வருபவர்கள் அதிகம். அரிப்பு, அடைப்பு உணர்வு, நீர்க்கசிவு ஆகியவை அறிகுறிகள். குளித்த உடனே ஈரக் காதில் அடைப்பானைச் செருகுவது அதற்கு வாசலைத் திறந்து வைப்பதாகும். ஃபோம் அடைப்பானைக் கழுவிக் கழுவிப் பயன்படுத்தாமல் அடிக்கடி மாற்றுங்கள். சிலிக்கோன் முனையைக் கழற்றிச் சோப்பு நீரில் கழுவி முற்றிலும் உலரவிடுங்கள். காதில் சீழ் வருபவர்கள், செவிப்பறையில் துளை உள்ளவர்கள், அண்மையில் காதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் செருகக் கூடாது. காது மெழுகு அதிகம் சுரப்பவர்களுக்கு, தினசரி அடைப்பு மெழுகை உள்ளே தள்ளிக் கட்டியாக்கிவிடும். அதைப் பட்ஸ் குச்சியால் குடைந்து எடுக்க முயன்று நிலைமையை மோசமாக்கிக்கொண்டு வருபவர்களே எங்களிடம் அதிகம்.

படுக்கும் நிலையும் முக்கியம். ஒருக்களித்துப் படுப்பவருக்கு, காதுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சாதாரண ஏஎன்சி இயர்பட்ஸ் தலையணையில் அழுந்தி, சிறிது நேரத்திலேயே காது மடலில் வலியை உண்டாக்கும். அழுந்தும்போது மைக் மூடிக்கொண்டு விசில் போன்ற ஒலியும் எழலாம். தூக்கத்துக்கென்றே செய்யப்பட்டவை மடலோடு மடலாக அமர்ந்துவிடும், ஆனால் அவற்றில் பல, எதிரலையை உண்டாக்காமல் மறைப்பு ஒலியை மட்டுமே நம்புபவை.

மறைப்பு ஒலியின் அளவைப் பற்றி ஒரு சொல். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் தரும் கேட்கும் எல்லை. தூக்கத்தில் அந்த எல்லையின் பக்கத்தில்கூடப் போகத் தேவையில்லை. பிரேக்கரை வெல்ல வேண்டும் என்று மழை ஒலியைக் கூட்டிக்கொண்டே போனால், சத்தத்தை விரட்டச் சத்தத்தையே குடிவைத்ததாக முடியும். வெளிச்சத்தத்தின் விளிம்புகளை மழுங்கச் செய்யும் அளவு போதும்.

காதில் ஏற்கெனவே ‘ஙொய்’ என்ற இரைச்சல் உள்ளவர்களுக்கு, முழு அடைப்பு அந்த இரைச்சலைப் பெரிதாகக் காட்டும். அவர்களுக்கு ஃபோமைவிட மெல்லிய மறைப்பு ஒலி ஏற்றது.


முலுண்ட் மூத்தவர் எழுதியது:

இளைஞர்கள் எல்லோரும் காதை எப்படி அடைப்பது என்றே பேசுகிறீர்கள். சத்தம் போடுபவனை யார் அடைப்பது? 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் எல்லை. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி நூறு மீட்டர் அமைதி மண்டலம். அங்கே பகலில் 50, இரவில் 40. இந்த எண்கள் தாளில் இருக்க, பாதிக்கப்பட்டவன் இருபத்தைந்தாயிரம் கொடுத்துத் தன் காதை மூடிக்கொள்ள வேண்டுமா? 2020 தொடக்கத்தில் மும்பைப் போக்குவரத்துக் காவல்துறை, ஹாரன் சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கு மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கும் சிக்னலைச் சில இடங்களில் வைத்துக் காட்டியது. வேண்டியது அந்த மாதிரி யோசனை.


தானே சேஃப்டி எழுதியது:

ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் செம்பூர் நண்பர் தூங்குவது காலை எட்டு முதல் இரண்டு வரை. விதியின் கண்ணில் அது பகல். இரவுக்கு இருக்கும் பாதுகாப்பு பகலில் தூங்குபவருக்குக் கிடையாது. 55 என்ற எல்லை மீறப்படுகிறது என்று புகார் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். இடிப்பு வேலைக்கு நேரம் வகுத்துத் தரும்படி பில்டரிடம் சொசைட்டி மூலமாகக் கேட்பது இன்னும் விரைவாகப் பலிக்கும். ஆனால் அது முடியும் வரை அவர் தூங்கியாக வேண்டுமே.

காதுக்குச் செலவு செய்வதற்கு முன், அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலின் விளிம்புகளைப் பாருங்கள். ஜன்னல் பரப்பில் நூறில் ஒரு பங்கு இடைவெளி இருந்தாலும், கண்ணாடி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுப்புக் கிடைக்காது. தேய்ந்துபோன பிரஷ் பட்டையை மாற்ற ஆகும் செலவு மிகக் குறைவு.


முலுண்ட் மூத்தவர் எழுதியது:

ஜன்னல் விஷயத்தை ஏற்கிறேன். கணபதி விசர்ஜன நாட்களில் டோல் தாஷா மேளங்களுக்கு என்ன செய்வதாம்? ஜன்னலை மூடினாலும் நெஞ்சில் இடிக்கிறதே.


மாட்டுங்கா சர்க்யூட் எழுதியது:

அதற்குத் தீர்வு இல்லை என்றே சொல்ல வேண்டும், ஐயா. டோலின் கனத்த அடி காது வழியாக மட்டும் வருவதில்லை. தரை, கட்டில், உடம்பு வழியாகவும் வருகிறது. ஃபோமைச் செருகி, அதன் மேல் தலையைச் சுற்றி மாட்டும் ஏஎன்சி ஹெட்ஃபோனையும் போட்டால் காதுப் பங்கு குறையும். இரட்டைப் பாதுகாப்பு என்றாலும் இரண்டு எண்களையும் கூட்டிவிட முடியாது. உயர்ந்த எண்ணோடு சுமார் 5 டெசிபல் சேரும், அவ்வளவுதான். நெஞ்சில் இடிப்பதை எந்த இயர்பிளக்கும் தடுக்காது. விழா நாட்களில் நள்ளிரவு வரை தளர்வு கொடுக்க விதியிலேயே இடம் இருக்கிறது, ஆண்டுக்கு 15 நாட்கள் வரை.


காட்கோபர் அம்மா எழுதியது:

விமானப் பாதைக்குக் கீழே குடியிருக்கிறோம், கைக்குழந்தையும் இருக்கிறது. விமானச் சத்தம் கேட்கக் கூடாது, குழந்தை அழுதால் கேட்க வேண்டும். இப்படி ஒரு பொருள் உண்டா?


சயான் கேட்பியல் எழுதியது:

முழுமையாக இல்லை, அம்மா. ஆனால் ஏஎன்சியின் குறையே இங்கே உங்களுக்குச் சாதகமாகிறது. விமானத்தின் தொலைதூர உறுமல் கனத்த ஒலி, அது குறையும். குழந்தையின் அழுகையில், நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் பகுதியில் வலு அதிகம். எதிரலை அதைத் தொடாது, சிலிக்கோன் முனையின் அடைப்பு மட்டும் ஓரளவு குறைக்கும். பக்கத்து அறையில் குழந்தை இருந்தால் இதை நம்ப வேண்டாம். அதே கட்டிலருகில் தொட்டில் இருந்தால், நீங்களும் உங்கள் கணவரும் இரவை இரண்டாகப் பிரித்துக்கொண்டு, முறை இல்லாதவர் மட்டும் அடைப்பானை அணிவதே பாதுகாப்பானது. குழந்தையின் காதில் எதையும் வைக்காதீர்கள். சிறு ஃபோம் துண்டு வாய்க்குள் போனால் மூச்சடைக்கும்.


டோம்பிவிலி ஃபாஸ்ட் எழுதியது:

சென்னை விமானத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஏஎன்சி வாங்கியதற்கு எனக்கு முழு மதிப்புக் கிடைத்த ஒரே இடம் அதுதான்.


மாட்டுங்கா சர்க்யூட் எழுதியது:

அதில் வியப்பில்லை, அந்தத் தொழில்நுட்பம் வளர்ந்ததே விமானத்துக்காகத்தான். எதிரலையால் சத்தத்தை அழிக்கும் கருத்துக்கு ஜெர்மானியரான பவுல் லூயெக் 1936இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் அன்றைய வால்வு மின்னணுவில் அதைக் காதளவுக்குச் சுருக்க வழியில்லை. 1978இல், போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தை நிறுவிய அமர் போஸ் ஐரோப்பாவிலிருந்து பாஸ்டனுக்குப் பறக்கும்போது, விமானத்தில் கொடுத்த ஹெட்ஃபோனில் இன்ஜின் இரைச்சலுக்கு மேல் இசையே கேட்காததால், அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போடத் தொடங்கினார். அவருடைய நிறுவனத்தின், விமானிகளுக்கான ஹெட்செட் 1989இல் விற்பனைக்கு வந்தது.

ஜெட் விமானத்தின் உட்புறச் சத்தம் பறக்கும் உயரத்தில் ஏறத்தாழ 80 முதல் 85 டெசிபல் வரை இருக்கும். அதில் பெரும்பங்கு கனத்த, மாறாத உறுமல். ஏஎன்சிக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சார்ஜிங் கேஸுக்குள் லித்தியம் பேட்டரி இருப்பதால் அதைக் கைப்பையில் வையுங்கள், செக்‑இன் பெட்டியில் போட வேண்டாம். இறங்கும்போது காது அடைத்து வலிப்பவர்கள், காற்றுப் புகாமல் அடைக்கும் முனையை அப்போது கழற்றிவிடுவது நல்லது.


செம்பூர் இரவுப்பணி எழுதியது:

இப்போது தெளிவாகிறது. வீட்டில் முதலில் ஜன்னல் பட்டையையும் ஃபோமையும் முயன்று பார்க்கிறேன். விமானத்துக்கும் அலுவலகத்துக்கும் நடுத்தர விலையில் ஓர் ஏஎன்சி இயர்பட்ஸ். தூக்க இயர்பட்ஸ் இப்போதைக்கு வேண்டாம். ஒரே கவலை அலாரம். ஃபோமுடன் தூங்கினால் போன் அலாரம் கேட்குமா? தூக்க இயர்பட்ஸில் அலாரம் காதுக்குள்ளேயே அடிக்கும் என்கிறார்கள், அதனால் மனம் மீண்டும் அங்கே போகிறது.


மாட்டுங்கா சர்க்யூட் எழுதியது:

கையில் கட்டும் ஸ்மார்ட் பேண்ட் அதிர்ந்து எழுப்பும், விலையும் குறைவு. அலாரத்துக்காக மட்டும் தூக்க இயர்பட்ஸ் வாங்கத் தேவையில்லை. அதன் வரலாறும் சற்றுக் கவனிக்க வேண்டியது. போஸ் நிறுவனம் 2018இல் ஸ்லீப்பட்ஸை வெளியிட்டு, பேட்டரிக் கோளாறால் 2019இல் விற்பனையை நிறுத்திப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2020இல் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்து, 2023இல் அதையும் கைவிட்டது. காதுக்குள் அமரும் அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும், ஒரு முழு இரவுக்குச் சார்ஜ் தாங்கவும் வேண்டும் என்றால் பேட்டரிக்கு இடமே இல்லை. எந்த நிறுவனத்தின் பொருளானாலும் அந்தச் சிறு செல்கள் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும், பெரும்பாலானவற்றில் மாற்றிப் போடவும் வழியில்லை. நீங்கள் வாங்கப் போகும் ஏஎன்சி இயர்பட்ஸுக்கும் இது பொருந்தும். எனவே பில்லில் வாரண்டிக் காலத்தையும், பேட்டரி அதில் அடங்குமா என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.


தானே சேஃப்டி எழுதியது:

பேண்டை இறுக்கமாகக் கட்டுங்கள், தளர்வாக இருந்தால் அதிர்வு தெரியாது. ஃபோம் வாங்கும்போது ஒரே அளவில் மொத்தமாக வாங்கிவிட வேண்டாம். காதுக் குழாய் சிறியதாக இருப்பவர்களுக்குச் சிறிய அளவு தனியாகக் கிடைக்கிறது. இரண்டையும் ஒவ்வொரு ஜோடி வாங்கி, வேலை இல்லாத நாளில் முயன்று பார்த்து, எதை அணிந்து எழும்போது காது வலிக்கவில்லையோ அதையே பெட்டியாக வாங்குங்கள்.